பிசிபியில் உயர் அதிர்வெண் நாய்ஸை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிபியில், அதாவது சர்க்யூட் போர்டில், ஒரு ஸ்விட்சிங் ரெகுலேட்டரோ (வேகமாக ஆன் ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் சர்க்யூட்) வேகமான கடிகார சிக்னலோ இருந்தால், சில பத்து மெகாஹெர்ட்ஸிலிருந்து சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் நாய்ஸ் இருக்கத்தான் செய்யும். அதை ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) பார்க்க உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அதிர்வெண்களில் ப்ரோபும் சர்க்யூட்டில் ஒரு பாகம்தான், அதனால் திரையில் தெரிவது போர்டுடைய நாய்ஸ்தான் என்று உறுதியாகும் வரை ஒரு கெபாசிட்டரைக்கூட மாற்றாதீர்கள்.

3.3 வோல்ட் லைனில் ப்ரோப் வைத்தால் 200 மில்லிவோல்ட்டுக்கு முள் முள்ளாக எழும்புகிறது. நிஜமாகவே அவ்வளவு நாய்ஸ் இருக்கிறதா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் எங்கே மாட்டியிருக்கிறதோ அதே இடத்தில், அதே கிளிப்பின் மேலேயே, ப்ரோப் நுனியையும் வையுங்கள். இரண்டும் ஒரே புள்ளி என்பதால் ஸ்கோப் நேர்கோடு காட்ட வேண்டும். அப்படியும் 150 மில்லிவோல்ட்டுக்கு முட்கள் தெரிந்தால், நீங்கள் பார்த்த 200-இல் பெரும்பகுதி அந்த லைனில் இல்லவே இல்லை, ப்ரோபின் ஒயர் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டது.

அடுத்து, கிளிப் மாட்டிய இடத்தை மாற்றாமல், ப்ரோப் கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் நகர்த்தியும் பாருங்கள். அலைவடிவம் மாறினால் கேபிளின் வெளிச்சுற்றில் மின்னோட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு ஃபெரைட் கிளாம்ப்பைக் கேபிளில் மாட்டினால் அது குறையும். இந்த மூன்று சோதனையையும் ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னாலும் செய்யுங்கள். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் நான் இதை விடுவதில்லை.

ஒரு சின்ன கிரவுண்ட் ஒயர் இவ்வளவு செய்யுமா?

செய்யும். ஒயருக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம், தோராயக் கணக்குதான், ஆனால் எப்போதும் உதவும். ப்ரோபோடு வரும் முதலைக் கிளிப் ஒயர் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது 150 நானோஹென்றி. 10எக்ஸ் ப்ரோபின் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் ப்ரோப்) நுனியில் சுமார் 10 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 130 மெகாஹெர்ட்ஸில் ரெசனன்ஸ் ஆகும். வேகமான விளிம்புள்ள எந்த சிக்னலைத் தொட்டாலும் அந்த 130 மெகாஹெர்ட்ஸ் ரிங்கிங் மணி அடித்தாற்போல எழும்பும். போர்டில் அப்படி ஒன்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இது முதல் தொல்லை. இரண்டாவது, அந்த ஒயரும் ப்ரோப் உடம்பும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகின்றன. பக்கத்தில் ரெகுலேட்டர் ஸ்விட்ச் ஆகும்போது மாறும் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் புகுந்து மின்னழுத்தத்தைத் தூண்டும். ரெகுலேட்டரின் மின்னோட்டச் சுற்றுக்கும் உங்கள் வளையத்துக்கும் இடையே பரஸ்பர இண்டக்டன்ஸ் வெறும் 1 நானோஹென்றி இருந்தாலே போதும், 1 ஆம்பியர் 5 நானோசெகண்டில் மாறும்போது 200 மில்லிவோல்ட் வந்துவிடும். மேலே கேட்ட கேள்வியில் உள்ள அளவு அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

நான் ஒருமுறை இரண்டு நாள் முழுக்க ஒரு ரிங்கிங்கைத் துரத்தினேன். கெபாசிட்டர் மேல் கெபாசிட்டர் வைத்தேன், ஃபெரைட் பீட் மாற்றினேன், எதற்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் கிரவுண்ட் ஒயரைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பிரிங் போட்டதும் அது காணாமல் போனது. எந்தக் கெபாசிட்டரை மாற்றினாலும் ரிங்கிங்கின் அதிர்வெண் கொஞ்சமும் நகரவில்லை என்பதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். போர்டில் எதை மாற்றினாலும் மாறாத ரிங்கிங் போர்டுக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம்.

அந்த ஸ்பிரிங் போதுமா?

நிறைய வேலைகளுக்குப் போதும். ப்ரோபின் தொப்பியைக் கழற்றினால் நுனிக்குப் பின்னால் ஒரு உலோக வளையம் தெரியும், அதில் மாட்டும் குட்டி ஸ்பிரிங் பெரும்பாலும் ப்ரோப் பெட்டியிலேயே இருக்கும், பலர் அது என்னவென்று தெரியாமல் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். கிரவுண்ட் பாதை 1 சென்டிமீட்டராகச் சுருங்கினால் 10 நானோஹென்றி, ரெசனன்ஸ் 500 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். ஒரே சிக்கல், நுனிக்குப் பக்கத்திலேயே கிரவுண்ட் பேட் இருக்க வேண்டும். கெபாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைப்பது நல்ல வழி, நாய்ஸை அளக்க அதைவிடச் சரியான இடமும் கிடையாது. ஸ்பிரிங் வழுக்கிப் பக்கத்து பின்னில் பட்டால் போர்டே போய்விடும், ஆகவே சுற்றிலும் கேப்டன் (Kapton) இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சின்ன சிக்னல் என்றால் ப்ரோபை 1எக்ஸில் வைக்கலாமே?

வேண்டாம். சாதாரண ப்ரோபை 1எக்ஸுக்கு மாற்றினால் அதன் பேண்ட்விட்த் 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும், நுனிக் கெபாசிட்டன்ஸும் 100 பிகோஃபேரட் பக்கம் போய்விடும். படம் சுத்தமாகத் தெரியும்தான், நாய்ஸே மறைந்துவிட்டதால் வந்த சுத்தம் அது. மெதுவான ரிப்பிளைப் பார்க்க மட்டும் 1எக்ஸ் சரி.

10எக்ஸ் என்றால் 10 மெகாஓம் தானே, அது எப்படி சர்க்யூட்டைப் பாதிக்கும்?

10 மெகாஓம் டிசிக்கு மட்டும். 10 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 160 ஓம், 300 மெகாஹெர்ட்ஸில் சுமார் 53 ஓம். அதாவது நீங்கள் ப்ரோபை வைத்த கணமே அந்த இடத்தில் ஒரு 53 ஓம் லோடு ஏறிவிட்டது. குறைந்த இம்பிடன்ஸ் உள்ள பவர் லைனில் இது பெரிதாகத் தெரியாது. கிரிஸ்டல் பின்னிலோ வேகமான லாஜிக் லைனிலோ வைத்தால் சிக்னலே வேறாகிவிடும்.

பவர் லைனில் சில மில்லிவோல்ட் நாய்ஸை ஒழுங்காகப் பார்க்க எது சிறந்த வழி?

கோஆக்ஸ் கேபிளை (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக மேல்வலை) நேராகப் போர்டில் சால்டர் செய்வதுதான். இதற்கு இணையான மலிவான வழி எனக்குத் தெரியாது.

மெல்லிய 50 ஓம் கோஆக்ஸ் எடுத்து, நடுக்கம்பியை டீகப்ளிங் கெபாசிட்டரின் (சிப்புக்குப் பக்கத்தில் பவருக்கும் கிரவுண்டுக்கும் இடையே இருப்பது) பவர் முனையிலும் மேல்வலையை அதே கெபாசிட்டரின் கிரவுண்ட் முனையிலும் சால்டர் செய்யுங்கள். வெளியே தெரியும் கம்பி 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேல்வலையை முறுக்கி வால்போல நீளமாக விட்டால் முதலைக் கிளிப் ஒயரையே திரும்பக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். நடுக்கம்பியோடு வரிசையில் ஒரு 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரைச் சேர்த்தால் டிசி தடுக்கப்படும், 50 ஓமோடு சேர்ந்து சுமார் 32 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் உள்ளே வரும். இன்னும் கீழே பார்க்க வேண்டுமானால் 1 மைக்ரோஃபேரட் போடுங்கள், எல்லை 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

ஸ்கோப் முனையில் கட்டாயம் 50 ஓம் இருக்க வேண்டும். சிலவற்றில் மெனுவிலேயே மாற்றலாம், இல்லாவிட்டால் வெளியே மாட்டும் 50 ஓம் டெர்மினேட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 1 மெகாஓமிலேயே விட்டுவிட்டால் சிக்னல் கேபிளின் முனையில் மோதித் திரும்பும், 1 மீட்டர் கேபிள் 50 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெசனன்ஸ் ஆகி இல்லாத மலையைக் காட்டும்.

இதில் பெரிய லாபம் என்னவென்றால், 10எக்ஸ் ப்ரோப் சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கி ஸ்கோப்புக்குக் கொடுக்க, ஸ்கோப் அதைப் பத்தால் பெருக்கிக் காட்டுகிறது, கூடவே தன் சொந்த நாய்ஸையும் பத்தால் பெருக்கிவிடுகிறது. கோஆக்ஸில் அந்தப் பிரச்சினையே இல்லை, 2 மில்லிவோல்ட் ரிப்பிளும் தெளிவாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 50 ஓம் உள்ளீடு பொதுவாக 5 வோல்ட் ஆர்எம்எஸ் வரைதான் தாங்கும். 12 வோல்ட் லைன் சட்டென்று எழும்பினால் அந்த ஏற்றம் முழுவதும் டிசி தடுக்கும் கெபாசிட்டர் வழியாக உள்ளே தாவும். சந்தேகம் இருந்தால் நடுவில் ஒரு 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் மாட்டியே போர்டை ஆன் செய்யுங்கள்.

ஸ்விட்ச் நோடை (ரெகுலேட்டரில் மாஸ்ஃபெட்கள் ஆன் ஆஃப் செய்யும் புள்ளி) பார்க்கவும் இதே கோஆக்ஸ் ஆகுமா?

நேராக வைக்காதீர்கள், அங்கே முழு வோல்டேஜும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் அருமையான ப்ரோப் ஆகிவிடும். நடுக்கம்பியின் முனையில் 450 ஓம் ரெசிஸ்டர், ஸ்கோப்பில் 50 ஓம், ஆக 10-க்கு 1 பிரிப்பு. கைவசம் 470 ஓம்தான் இருந்தால் 10.4-க்கு 1, கணக்கில் திருத்திக்கொள்ளலாம். 950 ஓம் போட்டால் 20-க்கு 1. சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டராக இருக்கட்டும், அளவிடும் புள்ளிக்கு ஒட்டியே இருக்கட்டும்.

500 ஓம் லோடு என்றதும் பயப்படுகிறார்கள். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், 300 மெகாஹெர்ட்ஸில் 10எக்ஸ் ப்ரோப் 53 ஓம்தான். இந்த எளிய ரெசிஸ்டர் ப்ரோப் அதைவிட லேசானது. டிசியில்தான் இது கனம், ஆகவே உயர் இம்பிடன்ஸ் அனலாக் புள்ளிகளில் வைக்கக் கூடாது. ரெசிஸ்டர் எவ்வளவு சூடாகும் என்றும் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் போதுமா?

பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்கப் போதும், எவ்வளவு என்று சொல்லப் போதாது. பேண்ட்விட்த்தால் 0.35-ஐ வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ஏறுநேரம் கிடைக்கும், 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோசெகண்ட். 1 நானோசெகண்டில் ஏறும் விளிம்பும் அதில் 3.6 நானோசெகண்டாகத்தான் தெரியும். 250 மெகாஹெர்ட்ஸில் ரிங்கிங் இருந்தால் உண்மையான உயரத்தில் பாதிக்கும் கீழேதான் காட்டும்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது சாம்பிள் ரேட். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகம் எப்போதும் கிடைக்காது. மெமரி 10 லட்சம் புள்ளிகள், திரையில் மொத்தம் 100 மில்லிசெகண்ட் என்றால், சாம்பிள் ரேட் நொடிக்கு 1 கோடிதான். 130 மெகாஹெர்ட்ஸ் நாய்ஸ் அப்போது ஏதோ ஒரு மெதுவான அலைபோல வேஷம் போட்டுக்கொண்டு வரும். நேர அளவை மாற்றும்போது நாய்ஸின் அதிர்வெண்ணும் மாறினால் அது நிஜமில்லை. பீக் டிடெக்ட் மோடைப் போட்டால் குறைந்தபட்சம் முட்கள் தவறிப்போகாமல் இருக்கும்.

20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டை ஆன் செய்யலாமா?

பவர் சப்ளையின் ரிப்பிளை டேட்டாஷீட்டோடு ஒப்பிட வேண்டுமானால் ஆன் செய்யுங்கள், அந்த எண்கள் பெரும்பாலும் அப்படி அளந்தவைதான். நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது ஆஃப் செய்யுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது, ரிப்பிள் எவ்வளவு, ஸ்விட்சிங் முட்கள் எவ்வளவு என்று பிரிந்து தெரியும்.

டிஃபரன்ஷியல் ப்ரோப் இருந்தால் கிரவுண்ட் தொல்லையே இல்லையா?

குறையும், தீராது. இரண்டு முனைகளிலும் பொதுவாக வரும் சிக்னலை ஒதுக்கும் திறன் 50 ஹெர்ட்ஸில் மிக நன்றாக இருக்கும், அதிர்வெண் ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். அதனால் இதற்கும் அதே சோதனைதான், இரண்டு நுனிகளையும் ஒரே புள்ளியில் வைத்து, அந்தப் புள்ளி ஆடும்போது ஸ்கோப் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். உள்ளீட்டு ஒயர்கள் நீளமாக இருந்தால் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். இரண்டு ப்ரோப்களை வைத்து ஸ்கோப்பில் கழித்துப் பார்ப்பதை இந்த அதிர்வெண்களில் நம்பவே நம்பாதீர்கள், இரண்டு ப்ரோப்களும் அவ்வளவு ஒத்துப்போகாது.

தொடாமலே நாய்ஸ் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இதற்கு ஒரு நியர்ஃபீல்ட் லூப் (பக்கத்தில் உள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கும் சின்ன வளையம்) வேண்டும், வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு துண்டு கோஆக்ஸ் கேபிளின் முனையை 1 சென்டிமீட்டர் வட்டமாக வளையுங்கள். வளைந்து வரும் முனையின் நடுக்கம்பி, மேல்வலை இரண்டையும் வட்டம் தொடங்கும் இடத்தில் உள்ள மேல்வலையோடு சேர்த்துச் சால்டர் செய்யுங்கள். பிறகு வட்டத்தின் உச்சியில் மேல்வலையை மட்டும் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுங்கள், நடுக்கம்பி அறுந்துவிடக் கூடாது. இந்த இடைவெளி இல்லாவிட்டால் மேல்வலையே ஒரு மூடிய வளையமாகிக் காந்தப்புலத்தைத் தடுத்துவிடும். இடைவெளி இருந்தால் மின்புலத்தை மேல்வலை தடுக்கும், காந்தப்புலம் உள்ளே வரும். மேலே ஒரு ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுங்கள், போர்டில் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க. மறுமுனை 50 ஓம் உள்ளீட்டுக்கு.

லூப் பெரிதாக இருந்தால் சிக்னல் அதிகம், இடம் துல்லியமாகத் தெரியாது. சின்னதாக இருந்தால் நேர்மாறு. ஆகவே இரண்டு செய்துகொள்ளுங்கள், 1 சென்டிமீட்டர் லூப்பால் வட்டாரத்தைக் கண்டுபிடித்து, 3 மில்லிமீட்டர் லூப்பால் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். திசையும் முக்கியம். லூப்பின் தளம் மின்னோட்டம் ஓடும் ட்ரேஸோடு ஒரே வரிசையில் இருந்தால் சிக்னல் அதிகபட்சம், 90 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். இதை வைத்தே மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போர்டின் மேல் கோடு போட்டுக் காட்டலாம். கிரவுண்ட் பிளேனில் ஒரு பிளவு இருந்து அதன் மேல் வேகமான ட்ரேஸ் கடந்தால், திரும்பிவரும் மின்னோட்டம் பிளவைச் சுற்றிக்கொண்டு ஓடுவது இந்த லூப்பில் அப்பட்டமாகத் தெரியும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது, அதுவரை படத்தில் மட்டும் பார்த்த விஷயம்.

லூப் காட்டுவது மின்னோட்டம் மாறும் வேகத்தை. அதனால் அலைவடிவம் மின்னோட்டத்தைப் போலவே இருக்காது, விளிம்புகளில் மட்டும் குத்தல் குத்தலாக வரும். அப்புறம், லூப்பில் வரும் மில்லிவோல்ட்டை வைத்து எமிஷன் சோதனையில் (கருவி வெளியே பரப்பும் ரேடியோ நாய்ஸை அளக்கும் ஆய்வகச் சோதனை) பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே இது, மாற்றத்துக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று. லூப்பை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே உயரத்தில் வைக்க வேண்டும், கையில் பிடிக்காமல் ஒரு ஸ்டாண்டில் வைத்தால் நிம்மதி.

நாலைந்து நாய்ஸ் மூலங்கள் இருக்கின்றன. எது குற்றவாளி என்று எப்படிப் பிரிப்பது?

ட்ரிகரை வைத்துப் பிரிக்கலாம். இரண்டாவது சேனலில் சந்தேகப்படும் ரெகுலேட்டரின் ஸ்விட்ச் நோடைக் கொடுத்து அதில் ட்ரிகர் செய்யுங்கள். முதல் சேனலில் லூப்போ கோஆக்ஸோ, எங்கே தொந்தரவோ அங்கே. நாய்ஸ் அந்த ரெகுலேட்டரிலிருந்து வந்தால் திரையில் அசையாமல் நிற்கும், வேறெங்கோ இருந்து வந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். சராசரி மோடில் 64 அல்லது 128 தடவை போட்டால், ட்ரிகரோடு சம்பந்தமில்லாதது எல்லாம் கரைந்து, சம்பந்தமுள்ளது மட்டும் பளிச்சென்று மிஞ்சும். ட்ரிகரை அடுத்த ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள், பிறகு கடிகார சிக்னலுக்கு. அரை மணி நேரத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஏறும் விளிம்பிலா இறங்கும் விளிம்பிலா என்பதையும் பாருங்கள். பக் கன்வெர்ட்டரில் (வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர்) ஸ்விட்ச் நோட் ஏறும்போது மட்டும் குத்தல் வந்தால், மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் கணம் அது. உள்ளீட்டுக் கெபாசிட்டர், மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட் மூன்றும் சேர்ந்த அந்தச் சுற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டுமா, ஸ்கோப்பின் எஃப்எஃப்டி போதுமா?

தொடங்க எஃப்எஃப்டி (அலைவடிவத்தை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் வசதி) போதும், சாம்பிள் ரேட்டை மட்டும் உயரத்தில் வைத்திருங்கள். ஸ்கோப்பின் 8 பிட் அனலாக்-டிஜிட்டல் கன்வெர்ட்டர் பெரிய சிக்னலுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன சிக்னலை விழுங்கிவிடும், அங்கேதான் அனலைசர் ஜெயிக்கும். கையடக்கமான டைனிஎஸ்ஏ வகைக் கருவியும் இந்த வேலைக்கு நன்றாக உதவும். யூஎஸ்பியில் மாட்டும் ஆர்டிஎல் எஸ்டிஆர் ரேடியோ ரிசீவர் சுமார் 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும், ஆனால் பலமான சிக்னல் வந்தால் சீக்கிரம் திணறி இல்லாத உச்சிகளைக் காட்டும். சோதிக்க ஒரு வழி: நடுவில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் மாட்டினால் எல்லா உச்சியும் சரியாக 10 டெசிபெல் இறங்க வேண்டும். எது அதைவிட அதிகமாக விழுகிறதோ அது கருவிக்குள்ளேயே உருவானது.

அனலைசர்கள் பலவற்றின் உள்ளீடு டிசியைத் தாங்காது. டிசி தடுக்கும் கெபாசிட்டரும் அட்டெனுவேட்டரும் மாட்டாமல் எதையும் இணைக்காதீர்கள்.

உச்சிகளைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. போர்டில் 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இருக்கின்றன, 600-இல் ஒரு உச்சி. 24-இன் 25-ஆவது ஹார்மானிக்கும் (மடங்கு) 600, 25-இன் 24-ஆவதும் 600. அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை. அடுத்த வீட்டைப் பாருங்கள், 624-இல் உச்சி இருக்கிறதா 625-இல் இருக்கிறதா என்று. எங்கே பலமோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

போர்டின் மேல் நாய்ஸ் குறைவுதான், ஆனாலும் ரேடியேட்டட் எமிஷனில் ஃபெயில். ஏன்?

பெரும்பாலும் கேபிள்தான் காரணம். போர்டில் இருக்கும் சின்ன வளையங்கள் மோசமான ஆன்டெனா, 1 மீட்டர் கேபிள் நல்ல ஆன்டெனா. அமெரிக்க எஃப்சிசி கிளாஸ் பி விதிப்படி 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை 3 மீட்டர் தூரத்தில் எல்லை மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். 50 மெகாஹெர்ட்ஸில் 1 மீட்டர் கேபிளின் மேல் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் மின்னோட்டம் (கேபிளின் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுவது) ஓடினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். மில்லி இல்லை, மைக்ரோ.

இதை மேசையிலேயே அளக்கலாம். திறந்து மூடும் ஃபெரைட் கிளாம்ப் ஒன்றில் மெல்லிய ஒயரை 5 சுற்று சுற்றி, இரு முனைகளையும் கோஆக்ஸில் இணைத்து 50 ஓம் அனலைசருக்குக் கொடுங்கள். கேபிளை அந்த கிளாம்ப்புக்குள் விட்டு மூடுங்கள். 50 ஓமை 5 சுற்றால் வகுத்தால் ஆம்பியருக்கு 10 வோல்ட், ஆக 5 மைக்ரோஆம்பியருக்கு 50 மைக்ரோவோல்ட், சுமார் மைனஸ் 73 டிபிஎம். அனலைசரில் தாராளமாகத் தெரியும் அளவு. தோராயக் கணக்குதான், ஆனாலும் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஆபத்து எங்கே என்று காட்டிவிடும். கேபிளின் நீளவாக்கில் கிளாம்ப்பை நகர்த்தி, அதிகபட்சம் எங்கே என்று பாருங்கள்.

ரிங்கிங் நிஜம் என்று உறுதியாகிவிட்டது. கெபாசிட்டர் சேர்த்தும் குறையவில்லையே?

100 நானோஃபேரட் கெபாசிட்டரைப் பொருத்தும்போது பேட், வயா (லேயர்களை இணைக்கும் துளை) எல்லாம் சேர்த்து சுமார் 1 நானோஹென்றி வந்துவிடும். 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது இண்டக்டராகத்தான் நடந்துகொள்ளும். 200 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.26 ஓம், நீங்கள் 0.1 போட்டாலும் 10 மைக்ரோஃபேரட் போட்டாலும் அதே 1.26 ஓம். மதிப்பைக் கூட்டுவதில் பலனில்லை, பாதையைக் குட்டையாக்க வேண்டும். வயாவைப் பேடுக்கு ஒட்டி வைப்பது, கிரவுண்ட் பிளேன் மேல் லேயருக்குப் பக்கத்திலேயே இருப்பது, கெபாசிட்டரைச் சிப்பின் பின்னுக்கு நெருக்குவது, இவைதான் உதவும்.

ஸ்விட்ச் நோட் ரிங்கிங்குக்கு ஸ்னப்பர் (ரிங்கிங்கை அடக்க வரிசையில் போடும் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்) போடலாம், மதிப்பை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே கண்டுபிடிக்கலாம். ரிங்கிங் 200 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்போம். ஸ்விட்ச் நோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சின்னச் சின்ன கெபாசிட்டர்களாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், ரிங்கிங் சரிபாதியாக, 100 மெகாஹெர்ட்ஸாக இறங்கும் வரை. 300 பிகோஃபேரட்டில் அப்படி ஆனால், ஏற்கெனவே அங்கே மறைந்திருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 பிகோஃபேரட். அந்த 100 பிகோவும் 200 மெகாஹெர்ட்ஸும் தெரிந்துவிட்டால் இண்டக்டன்ஸ் சுமார் 6.3 நானோஹென்றி என்று வரும். இண்டக்டன்ஸைக் கெபாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 8 ஓம், ஸ்னப்பர் ரெசிஸ்டர் அதுதான். அதோடு வரிசையில் 330 பிகோஃபேரட். 12 வோல்ட், 500 கிலோஹெர்ட்ஸில் இதனால் வீணாகும் பவர் சுமார் 24 மில்லிவாட், தாங்கிக்கொள்ளலாம். சோதனைக்குச் சேர்த்த கெபாசிட்டரை எடுக்க மறக்காதீர்கள்.

மெயின்ஸில் ஓடும் பவர் சப்ளையில் இதெல்லாம் செய்யலாமா?

பிரைமரி பக்கத்தில் சாதாரண ப்ரோபின் கிரவுண்டை மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் பூமியோடு இணைந்தது. 230 வோல்ட் மெயின்ஸை ரெக்டிஃபையர் டிசியாக மாற்றினால் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், கிளிப் மாட்டிய கணத்தில் ரெக்டிஃபையர் வழியாக நேரடி ஷார்ட். ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டு அளப்பது இன்னும் மோசம், ஸ்கோப்பின் உடம்பு முழுக்க மெயின்ஸ் ஏறி, தொட்டவர் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று உள்ள உயர் வோல்டேஜ் டிஃபரன்ஷியல் ப்ரோபை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள், செகண்டரியை மட்டும் பாருங்கள்.

அடுத்த போர்டு டிசைன் செய்கிறேன். அளப்பதற்கு வசதியாக என்ன வைக்கலாம்?

முக்கியமான பவர் லைன் ஒவ்வொன்றிலும், சிப்புக்குப் பக்கத்தில், ஒரு யூ.எஃப்.எல் கனெக்டருக்கு (குட்டி கோஆக்ஸ் கனெக்டர்) இடம் விடுங்கள், வரிசையில் ஒரு 0402 (சின்ன எஸ்எம்டி அளவு) பேடோடு. பவர் லைனுக்கு அதில் கெபாசிட்டர், ஸ்விட்ச் நோடுக்கு 450 ஓம் ரெசிஸ்டர். தயாரிப்பில் இரண்டையும் பொருத்தாமல் விட்டுவிடலாம். சிக்னல் டெஸ்ட் பேட் வைத்தால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கிரவுண்ட் பேடும் வையுங்கள், சோல்டர் மாஸ்க் இல்லாமல். ஸ்னப்பருக்கு இரண்டு காலி பேட் கட்டாயம்.

ப்ரோபை வைத்தால் போர்டு ஒழுங்காக வேலை செய்கிறது, எடுத்தால் மறுபடி தகராறு. என்ன செய்வது?

அது பெரிய துப்பு. ப்ரோப் அந்த இடத்தில் 10 பிகோஃபேரட்டைச் சேர்த்தது, அந்த 10 பிகோவில் சர்க்யூட் அடங்கிவிட்டது. ப்ரோபை எடுத்துவிட்டு அதே இடத்தில் 10 பிகோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்து பாருங்கள். அதே பலன் கிடைத்தால், விளிம்பு தேவைக்கு மேல் வேகமாக இருக்கிறது அல்லது லைன் எதிரொலிக்கிறது. கெபாசிட்டரை அங்கேயே விட்டு முடித்துவிட ஆசை வரும், வேண்டாம். அனுப்பும் பின்னுக்கு ஒட்டி 22 முதல் 47 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரை வரிசையில் போட்டுச் சோதியுங்கள். கெபாசிட்டரில் பலன் இல்லாமல், கிரவுண்ட் கிளிப்பை மட்டும் மாட்டி நுனியை எங்கும் வைக்காமலே போர்டு சரியானால், பூமி இணைப்பு உதவியிருக்கிறது, அப்போது கேபிளில் ஓடும் காமன் மோட் மின்னோட்டத்தை அந்த ஐந்து சுற்று கிளாம்ப்பை மாட்டி அளக்கத் தொடங்குங்கள்.